முடிவு தெரிந்தவரும் தெரியாதவரும்: தோட்டப்புற வாசகர் வட்டம் ஒன்றின் துப்பறியும் பட மாதங்கள்

பின்னணி

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டப்புறச் சிறுநகர் ஒன்றில் எங்கள் வாசகர் வட்டம் நடக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் உள்ள வீடு ஒன்றின் முன்கூடத்தில் கூடுவோம். உறுப்பினர்கள் 17 பேர். பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிவந்தவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வட்டத்தை ஒருங்கிணைப்பவள் நான். இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன்.

மூன்று பேரை முதலிலேயே அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றும் எல்லாருக்கும் அவர் கிராணி ஐயாதான். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பெட்டிப் புத்தகங்களில் ஆர்தர் கோனன் டாயிலையும் அகதா கிறிஸ்டியையும் ஆங்கிலத்திலேயே படித்தவர். இன்னொருவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி. எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார். நாவல் என்றால் பேத்தி வாய்விட்டுப் படிக்க, கேட்டுக்கொள்வார். மூன்றாமவர் அந்தப் பேத்தி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறு மாணவி.

பொங்கல் கழிந்த கூட்டத்தில் இளையவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: துப்பறியும் கதைகளைப் படிப்போம், அவற்றின் திரை வடிவங்களையும் சேர்ந்து பார்ப்போம். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கதையை முதலில் படிப்பது, பிறகு படம், பிறகு மதிப்பெண் தாள் என்று முறை வகுத்தேன். தாளில் ஐந்து கேள்விகள். முதல் கேள்வி, ‘மூலக்கதைக்குப் படம் எவ்வளவு உண்மையாக இருக்கிறது?’ மொத்த மதிப்பெண்ணில் பாதி அதற்கு. நாங்கள் வாசகர்கள்; புத்தகத்துக்குத்தான் முதலிடம் என்று நினைத்து அப்படி வைத்தேன். பின்னால் வந்த சிக்கல் எல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொடங்கியது.

முதல் கூட்டம்: மணிக்கயிறும் பால் தட்டும்

இந்தப் பகுதியில் ஒரு கதையின் மர்மம் வெளியாகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் அடுத்த தலைப்புக்குத் தாண்டிவிடுங்கள்.

1892-இல் வெளிவந்த ‘தி ஸ்பெக்கிள்டு பேண்ட்’ என்ற சிறுகதையை எடுத்துக்கொண்டோம். 1927-இல் தன் ஹோம்ஸ் கதைகளில் சிறந்தவற்றை வரிசைப்படுத்தியபோது கோனன் டாயில் முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். திரை வடிவத்துக்கு, ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்து 1984-இல் வந்த கிரானடா தொலைக்காட்சித் தொடரின் பகுதி. அந்தத் தொடர் மூலத்தை விட்டு விலகாமல் எடுத்ததற்குப் பேர்போனது. ஹோம்ஸின் பழக்கவழக்கங்களைக் கதைகளிலிருந்து தொகுத்துத் தனிக் கோப்பே வைத்துக்கொண்டு எடுத்தார்கள்.

கிராணி ஐயா பத்துக்கு 9 போட்டார். “வசனம்கூட வரிக்கு வரி அப்படியே இருக்கு.” அதில் அவருக்கு உண்மையான ஆனந்தம். இளையவர்கள் நடுவாந்திரமாகப் போட்டார்கள். அவர்களுடைய குறை எனக்கு அப்போது சின்னதாகத் தெரிந்தது. இப்போது அது பெரிய குறைதான் என்று தோன்றுகிறது. கொலைக்கு இலக்காகும் பெண் படுக்கும் அறையில் ஒரு மணிக்கயிறு தொங்குகிறது. இழுத்தால் மணி அடிக்காது. பக்கத்து அறையில் ஒரு சின்னத் தட்டில் பால் இருக்கிறது. முதல் அறையின் கட்டில் தரையோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கிறது. புத்தகத்தில் இவை பத்துப் பொருள்களுக்கு நடுவே மூன்று சொற்கள். கண் அவற்றின் மேல் ஓடிப்போய்விடும். படத்தில் கேமரா பால் தட்டின்மேல் நின்றால், நின்ற அந்தக் கணமே அது துப்பு என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. நிற்காமல் போனாலோ தட்டு இருந்ததே கண்ணில் படாது; கடைசியில் ‘நீங்கள் எங்களுக்குக் காட்டவே இல்லையே’ என்ற குறை வரும். எழுத்தில் ஒரு துப்பைக் கண்ணெதிரிலேயே ஒளித்து வைக்க முடிகிறது. திரையில் அதற்கு வேறு வித்தை வேண்டும்.

பாட்டி 3 போட்டார். காரணம், பாம்பு. கொலை செய்வது ஒரு பாம்பு. பாலைக் காட்டிப் பழக்கி, சீழ்க்கை அடித்துத் திருப்பி அழைத்துக்கொள்வதாகக் கதை. “நெத்தி வெளக்கு மாட்டிக்கிட்டு விடியுமுன்ன வெட்டுக்குப் போனவ நான். சீட்டி அடிச்சா திரும்பி வர்ற பாம்ப ஒரு நாளும் பார்த்ததில்ல. புத்துக்குப் பால் ஊத்துறது நம்ம நம்பிக்கை. பாம்பு அதைக் குடிக்குமா?”

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஹோம்ஸ் சொல்லும் ‘சதுப்பு விரியன்’ என்ற பெயரில் இந்தியாவில் ஒரு பாம்பும் இல்லை. பாட்டி சரியாகத்தான் சொன்னார். ஆனால், “இது படத்தின் குறை இல்லை பாட்டி, மூலக்கதையின் குறை. நம்ம கேள்வி படம் கதையைப் போல இருக்கிறதா என்பதுதான்” என்று சொல்லி, அவருடைய மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறு மாதம் வந்தார், வாய் திறக்கவில்லை.

பிறகு நான் படித்த ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1910-இல் இதே கதையைக் கோனன் டாயிலே நாடகமாக்கி லண்டனில் மேடையேற்றினார். உயிருள்ள பாம்பையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த விமர்சகர் ஒருவர், பாம்பு பொம்மை என்பது பார்த்தாலே தெரிகிறது என்று எழுதிவிட்டார். ஆசிரியரே தன் நினைவுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பாம்பு எதுவோ அதை வைத்துத்தான் விமர்சகரும் பார்த்தார், பாட்டியும் பார்த்தார். இதை முதல் மாதமே படித்திருந்தால் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

இரண்டாம் கூட்டம்: தீவில் பத்துப் பேர்

கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ 1939-இல் வெளிவந்த நாவல். சட்டத்தின் பிடிக்குச் சிக்காமல் ஒரு சாவுக்குக் காரணமானவர்கள் என்று குற்றம் சாட்டப்படும் பத்துப் பேர் ஒரு தீவில் அடைபடுகிறார்கள். ஒரு குழந்தைப் பாட்டின் வரிகளின்படி ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நாங்கள் பார்த்தது ரெனே கிளேர் இயக்கிய 1945-ஆம் ஆண்டுப் படம்.

படத்தின் முடிவு நாவலின் முடிவு அல்ல. நாவலின் தலைப்பே யாரும் மிஞ்சவில்லை என்கிறது. படத்தில் இருவர் மிஞ்சுகிறார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்றும் ஆகிவிடுகிறது.

விளக்கைப் போட்டதும் கிராணி ஐயா எழுந்துவிட்டார். “இது ஏமாத்து வேலை. கதையோட உயிரையே எடுத்துட்டாங்க.” நாவலைப் படித்து முடிக்காமல் வந்திருந்த ஐந்தாறு பேருக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. அவர்களில் ஒரு தம்பி, “ஐயா, புத்தகம் படிச்சதால உங்க கண்ணுக்குப் படமே தெரியல” என்றார். சொன்ன விதம் சரியில்லை. பேச்சு தடித்தது.

அப்போது நான் இரண்டாவது தவறைச் செய்தேன். சமாதானம் ஆகட்டும் என்று, எனக்குத் தெரிந்த செய்தியை அந்த நேரம் பார்த்து எடுத்துப் போட்டேன். முடிவை மாற்றியது படக்காரர்கள் அல்ல. 1943-இல் நாவலை நாடகமாக்கியபோது கிறிஸ்டியே மாற்றினார். அந்தக் குழந்தைப் பாட்டுக்குக் கடைசி வரி இரண்டு விதமாக வழங்கிவந்தது. ஒன்றில் கடைசி ஆள் தூக்குப் போட்டுக்கொள்வான். மற்றொன்றில் கல்யாணம் செய்துகொள்வான். நாவலுக்கு முதலாவதை எடுத்தவர் மேடைக்கு இரண்டாவதை எடுத்துக்கொண்டார். படம் மேடையைப் பின்பற்றியது.

“எழுதினவங்களே மாத்தினாலும் தப்பு தப்புதான்” என்றார் கிராணி ஐயா. “அப்ப எதுங்க ஐயா மூலம்?” என்று பேத்தி கேட்டாள். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் தாளின் முதல் கேள்வி அந்த இடத்தில் செத்துப்போனது. ஒரே ஆசிரியர், ஒரே கதை, இரண்டு முடிவு. படம் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும்?

தாள்களைத் திரும்பப் படித்தபோது

இரண்டு மாதத் தாள்களையும் வீட்டு மேசையில் பரப்பி வைத்து ஒரு வாரம் படித்தேன். பெரியவர்கள் ஒரு பக்கம், இளையவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்திருப்பார்கள் என எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. ஆங்கிலத்தில் படித்தவர், தமிழில் கேட்டவர் என்றும் பிரியவில்லை. முடிவு தெரிந்து பார்த்தவர், தெரியாமல் பார்த்தவர் என்றே மதிப்பெண்கள் பிரிந்திருந்தன.

முடிவு தெரிந்தவர் கொலையாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடிகர் எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்தினார், எந்தத் துப்பைப் படம் விட்டுவிட்டது என்று எழுதுகிறார். தெரியாதவர் அடுத்துச் சாகப்போவது யார் என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே கூடம், ஒரே படம்; ஆனால் இருவர் செய்துகொண்டிருந்ததும் ஒரே வேலை இல்லை. மற்ற வகைப் படங்களுக்கும் இது கொஞ்சம் பொருந்தும். துப்பறியும் கதையில்தான் முழுதாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அதன் முதல் வாசிப்பு ஒரே ஒருமுறை கிடைப்பது. கிராணி ஐயாவுக்கு அது அரை நூற்றாண்டுக்கு முன்பு, துரை விட்டுப்போன புத்தகத்தில் கிடைத்துவிட்டது. எந்தப் படத்தாலும் அதை மறுபடி கொடுக்க முடியாது. கொடுக்கவில்லை என்பதற்காகவே படத்துக்கு மதிப்பெண் குறைந்துகொண்டிருந்தது.

பாட்டியின் தாள் தனியாக நின்றது. பேத்தி கையெழுத்தில் இரண்டு வரி: ‘எல்லாரும் தப்புப் பண்ணினவங்கன்னு கூட்டி வச்சிட்டு, கடைசியில ரெண்டு பேர் மட்டும் நல்லவங்கன்னா, அந்தத் தீவுக்கு எதுக்குக் கூட்டினாங்க? கூட்டினவன் கணக்கே தப்பாப் போகுதே.’

புத்தகம் போல இல்லை என்று பாட்டி சொல்லவில்லை. கதை தனக்குத்தானே வைத்துக்கொண்ட நியாயம் உடைகிறது என்கிறார். நாவலில் அந்தத் தீவு ஒரு நீதிமன்றம்; அங்கே குற்றமற்றவர் இருந்தால் நீதிமன்றம் என்ற எண்ணமே சரிகிறது. அந்த மாதம் எனக்கு வந்த 17 தாள்களில் இதுதான் நல்ல விமர்சனம். முந்தைய மாதம் நான் ஒதுக்கிவைத்தது இந்தக் கண்ணைத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் இரண்டு வீடுகளுக்குப் போனேன். பாட்டியிடம் பாம்பு விஷயத்தில் நான் செய்தது தவறு என்று சொன்னேன். “அது கெடக்குது டீச்சர், தண்ணி குடிங்க” என்றார். கிராணி ஐயாவிடம் திரும்பி வரும்படி கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

பிறகு தாளை மாற்றினேன். மூலத்துக்கு உண்மையா என்ற கேள்வி போனது. மூன்று கேள்விகள் வந்தன: பார்ப்பதற்கு முன் உங்களுக்கு என்ன தெரியும்? முதலில் யார்மேல் சந்தேகம் வந்தது, எதைப் பார்த்து? கதையிலிருந்து படம் விட்டது எது, அந்த இடத்தில் என்ன வைத்தது? மதிப்பெண்ணை எடுக்கவில்லை. எண் போடாவிட்டால் எல்லாரும் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

வட்டத்தையும் இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி படித்துவிட்டுப் பார்க்கும். மறுபாதி பார்த்துவிட்டுப் படிக்கும். எந்தப் பாதி எந்த வரிசை என்பது மாதாமாதம் மாறும். முடிவு தெரிவதுதான் தீர்ப்பைப் பிரிக்கிறது என்றால், ஒவ்வொருவரும் இரு பக்கமும் உட்கார்ந்து பார்க்கட்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் கூட்டம்: நடு இரவில்

வீணை மேதை எஸ். பாலசந்தர் இயக்கி நடித்து 1970-இல் வந்த ‘நடு இரவில்’, கிறிஸ்டியின் அதே தீவுக் கதையைத் தழுவியது. அந்நியர்கள் பத்துப் பேருக்குப் பதிலாக, தீவு வீட்டில் கூடும் சொந்தபந்தங்கள். இந்த மாற்றத்தை இரு பாதியினரும் நல்ல மாற்றம் என்றார்கள். சொத்துக்காகக் கூடும் உறவினர்களுக்கு நடுவே சந்தேகம் வர நமக்குத் தனிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒருவர் எழுதினார்.

பேச்சு பெரும்பாலும் நடிகர்களைப் பற்றிப் போனது. பாட்டி அன்று வாய் திறந்தார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இடம் வலம் மாறிப் பார்த்தவர் அவர். “நம்பியார் வந்தாலே இவன்தான்டான்னு திடலே கத்தும். அப்புறம் துப்பு எதுக்கு?” கிராணி ஐயா வரவில்லை என்பதால் அவர் சொல்லியிருக்கக்கூடியதை நான் சொன்னேன்: வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து 1950-இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் வேடம் மாற்றி மாற்றிக் குற்றத்தைத் துலக்கும் நாயகனே நம்பியார்தான். அவர் முகம் பின்னால்தான் வில்லன் முகம் ஆனது. இளையவர்கள் நம்பவில்லை, கைப்பேசியில் தேடிப் பார்த்துக்கொண்டார்கள்.

தெரிந்த முகம் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் என்பது எல்லா நாட்டுப் படங்களுக்கும் உள்ள தொல்லை. சிட்னி லூமெட் 1974-இல் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ எடுத்தபோது ரயில் பெட்டி முழுக்க நட்சத்திரங்களை நிரப்பினார்: ஷான் கானரி, இங்கிரிட் பெர்க்மன், லாரன் பக்கால், வனெஸா ரெட்கிரேவ். யாரென்று சந்தேகப்படுவது? அந்தக் கதைக்கு அது மிகப் பொருத்தமான வழி. காரணம் சொன்னால் கதை உடையும்.

நான்காம் கூட்டம்: பிரியா

கிராணி ஐயா இந்த மாதம் வந்தார். சுஜாதாவின் ‘பிரியா’ என்று கேள்விப்பட்டதும் வந்தார்.

நாவல் லண்டனில் நடக்கிறது. எஸ்.பி. முத்துராமன் இயக்கி 1978-இல் வந்த படம் சிங்கப்பூரில் நடக்கிறது. வழக்கறிஞர் கணேஷாக ரஜினிகாந்த். நடிகை பிரியாவாக ஸ்ரீதேவி. மலேசிய நடிகை அஸ்னா ஹமீதும் படத்தில் உண்டு. கணேஷுக்குக் காதலும் பாட்டும் உண்டு. நாவலைப் படித்துவிட்டு வந்த இளையவர்கள் கொதித்துப்போனார்கள். கணேஷ் மூளையால் வாழ்கிறவன், அவனை டூயட் பாட வைப்பதா என்று 2, 3 போட்டார்கள். போன மாதங்களில் கிராணி ஐயா பேசிய அதே பேச்சை, கிட்டத்தட்ட அதே சொற்களில் அவர்கள் பேசினார்கள்.

கிராணி ஐயா 8 போட்டிருந்தார். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஊரைத் தமிழ்ப் படத்தில் பார்த்தது எப்படி இருந்தது, நம் நாட்டுப் பெண் ரஜினியோடு நடிக்கிறாள் என்று வேலை முடிந்த கையோடு லாரியில் ஏறிப் படத்துக்குப் போனது எப்படி என்று நீளமாகச் சொன்னார். கூடம் அமைதியாகக் கேட்டது.

பேத்தி தயங்கித்தான் கேட்டாள். “ஐயா, இதுல ஊரே மாறிடுச்சே. அதுக்கு நீங்க கோபப்படலையே?”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் படத்தை மொதல்ல பார்த்துட்டேன்மா. புத்தகம் அப்புறம்தான் கைக்கு வந்துச்சு. அதைப் படிச்சப்பகூட லண்டன் என் கண்ணுல வரல, சிங்கப்பூர்தான் வந்துச்சு.” பிறகு, அவரைப் பார்த்து முன்பு துடுக்காகப் பேசிய தம்பி எங்கே என்று கேட்டார். அவர் வரவில்லை.

பின்னர் நடந்தவை

கிராணி ஐயா 1945-ஆம் ஆண்டுப் படத்தைப் பேரன் கணினியில் மறுபடி பார்த்து, முன்பு போட்டிருந்த 2-ஐ 5 ஆக்கினார். முடிவு தவறு என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதே நாவலை 1987-இல் சோவியத் நாட்டில் முடிவு மாறாமல் எடுத்திருக்கிறார்கள் என்று அறிந்து, அந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். இளையவர்கள் ‘மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று எழுதுவது குறைந்தது. எந்த இடத்தில் என்ன இழந்தது என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தத் தம்பி வட்டத்துக்குத் திரும்பவில்லை. இருமுறை அழைத்தேன். கிராணி ஐயாவும் ஒருமுறை அழைத்தார்.

ஓர் இழப்பும் இருக்கிறது. படம் முதலில் பார்க்கும் பாதியில் சிலர் பிறகு நாவலைத் தொடுவதே இல்லை. முடிவு தெரிந்துவிட்டது, இனி எதற்கு என்கிறார்கள். வாசகர் வட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதற்கு நான் இன்னும் வழி காணவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பேச்சு தொடங்குமுன் தாள்களை வாங்கிவிட வேண்டும். இரண்டாம் கூட்டத்தில் பேசிய பிறகு எழுதியதால் சிலருடைய மதிப்பெண்ணில் கோபம் கலந்திருந்தது. ஆசிரியரே முடிவை மாற்றினார் என்பது போன்ற செய்தியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வாக்குவாதத்தின் நடுவே சொன்னால், ஒரு தரப்புக்குச் சாட்சி சொன்னதாகவே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய மதிப்பெண்ணை எந்தக் காரணத்துக்காகவும் ஒதுக்கக் கூடாது. பாட்டியின் 3, முதல் கூட்டத்துக் கணக்கில் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறது.

அடுத்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவல். 1934-இல் வந்த புத்தகம். 1974, 2017 என்று இரண்டு படங்களையும் பார்க்கப்போகிறோம். முறைப்படி பாட்டி இந்தத் தடவை படித்துவிட்டுப் பார்க்கும் பாதியில் வர வேண்டும். பேத்தி புத்தகத்தை எடுத்து வாசிக்க உட்கார்ந்தபோது, “மூடி வையி. இந்த ஒரு தடவ எனக்கு ஒண்ணும் தெரியாமப் பார்க்கணும்” என்றாராம். அவர் பெயரை மறுபாதிக்கு மாற்றி எழுதியிருக்கிறேன்.